கழலையின் கணக்கு

2022 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 821,000 பேருக்குத் தைரொயிட் சுரப்பியிலே புற்றுநோய் புதிதாகக் காணப்பட்டதெனக் கணக்கிட்டுள்ளனர். அதே ஆண்டில் அந்நோயால் இறந்தோர் தொகை ஏறத்தாழ 47,500. நோய் கண்டோர் பதினெழுவருக்கு ஒருவர் வீதம் இறந்திருக்கின்றனர் என்பது இதன் பொருள். நுரையீரற் புற்றுநோயிலோ இவ்விகிதம் ஏறக்குறைய நான்குக்கு மூன்று. இன்னொரு செய்தியும் இங்கு மனங்கொளத்தக்கது. தைரொயிட் புற்றுநோய் கண்டோர் வீதம் செல்வ நாடுகளில் வறிய நாடுகளிலும் பன்மடங்கு உயர்ந்து காணப்படுகின்றது; ஆனால், இறப்பு வீதமோ எங்கும் ஏறக்குறைய ஒரே அளவிலேயே நிற்கின்றது.

இது வியப்புக்குரியதன்றோ? செல்வர் நாட்டில் ஒரு நோய் பன்மடங்கு பெருகுமாயின் சாவும் அதற்கேற்பப் பெருகியிருத்தல் வேண்டும். பெருகவில்லை. எனவே இந்த எண்களை ஆக்கியவை மனித உடலும் இயற்கையும் மட்டுமல்ல என்பது தெளிவு. மண்ணிலிருந்த அயடீன், மனிதன் வெடித்த குண்டு, கைவிட்டுப்போன அணுவுலை, வைத்தியசாலையின் ஸ்கான் கருவி, அவற்றையெல்லாம் ஆண்ட அரசும் சந்தையும் ஆகிய யாவும் இவ்வெண்களில் தத்தம் சுவட்டைப் பதித்துள்ளன. ஒரு சிறு சுரப்பியின் கட்டியைப் பற்றிய வரலாறு, யாருடைய நோய் எண்ணப்பட்டது, யாருடைய நோய் எண்ணப்படாது விடப்பட்டது என்பதன் வரலாறாகவும் அமைவதை இக்கட்டுரை காட்ட முயலும்.

சுரப்பியும் கட்டிகளும்

கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல மூச்சுக்குழாயைத் தழுவிக் கிடப்பது தைரொயிட் சுரப்பி. 1656 இல் ஆங்கில வைத்தியரான தோமஸ் வாட்டன், கேடயம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு இதற்குப் பெயரிட்டார். உடலின் வளர்ச்சியையும் வெப்பத்தையும் நெறிப்படுத்தும் ஓமோனை இச்சுரப்பி ஆக்குகின்றது. அவ்வாக்கத்துக்கு இன்றியமையாத மூலப்பொருள் அயடீன். உணவிலும் நீரிலும் வரும் மிகச் சிறிய அளவு அயடீனை இது இரத்தத்திலிருந்து தேடிப் பற்றிச் சேமித்து வைத்துக்கொள்கின்றது. இந்தப் பற்றும் இயல்பே பின்னர் நாம் காணவிருக்கும் அவலங்கள் பலவற்றிற்கும் வாயிலாயிற்று.

இச்சுரப்பியில் தோன்றும் முடிச்சுகளிற் பெரும்பாலானவை தீங்கற்றவை. கையால் தடவிப் பார்க்கும்போது நூறு பேரில் நாலைந்து பேரிடமே முடிச்சு தென்படும். மீயொலி ஸ்கான் கொண்டு தேடினாலோ முதியோரில் ஏறக்குறைய அரைவாசிப் பேரிடம் தென்படும். அவ்வாறு தென்படுவனவற்றுள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையானவையே புற்றாக இருப்பவை. ஆண்களிலும் பெண்களுக்கே இந்நோய் ஏறக்குறைய மும்மடங்கு அதிகமாகப் பதிவாகின்றது.

புற்றுகளை நான்கு பெருவகையாகப் பகுப்பர். முதலாவது பப்பிலரி வகை. நுண்காட்டியின் கீழ் விரல் போன்ற தளிர்களாகக் கிளைத்துத் தோன்றுவது. இன்று காணப்படும் தைரொயிட் புற்றுகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை இவ்வகையினவே. மெல்ல வளரும், கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவினும் பெரும்பாலும் குணப்படும். இரண்டாவது பொலிக்குலர் வகை. இது இரத்தக்குழாய் வழியே எலும்புக்கும் நுரையீரலுக்கும் பரவவல்லது. மூன்றாவது மெடுலரி வகை. சுரப்பியின் வேறொரு கலவினத்தில் தோன்றுவது; சில குடும்பங்களிற் பரம்பரையாகத் தொடர்வது; 1959 இலேயே தனி வகையாக இனங்காணப்பட்டது. நான்காவது அனப்பிளாஸ்டிக் வகை. நூற்றுக்கு ஒன்றிரண்டே எனினும் மனிதப் புற்றுகளுள் மிகக் கொடியவற்றுள் இது ஒன்று. கண்டறிந்த சில மாதங்களுள்ளேயே பெரும்பாலோர் உயிரிழப்பர்.

ஒரே பெயரின் கீழ், ஆயுள் முழுதும் தீங்கு செய்யாது கிடக்கும் புள்ளியும், மாதக்கணக்கில் ஆளைக் கொல்லும் கட்டியும் அடங்கியிருக்கின்றன. எந்த வகை எந்நாட்டில் எக்காலத்திற் பெருகியது என்று வினவுவோமாயின் வரலாறு பேசத் தொடங்கும்.

மலைநாட்டு ஏழைகளும் உப்பும்

அல்ப்ஸ் மலைச்சாரலின் சிற்றூர்களிலே கண்டக்கழலை என்பது ஒரு காலத்தில் உடலின் இயல்பான உறுப்புப் போலவே கருதப்பட்டது. பனியாறுகளும் மழையும் மண்ணிலிருந்த அயடீனை அரித்துச் சென்றுவிட்டன. அம்மண்ணில் விளைந்ததை உண்டு, அங்கு சுரந்த நீரைக் குடித்து வாழ்ந்த குடியானவர்களின் சுரப்பி, கிடைக்காத அயடீனைத் தேடித் தேடிப் பருத்தது. கடற்கரையிலிருந்து வரும் மீனை வாங்கும் வசதி அவர்களுக்கிருக்கவில்லை. கழலையோடு நில்லாது, செவிட்டூமையும் அறிவுவளர்ச்சிக் குன்றலும் அக்குடிகளின் பிள்ளைகளைப் பற்றின. அவர்களது சோம்பலும் அழுக்கும் தீயொழுக்கமுமே காரணமென்று கூறிய கற்றறிந்தோர் அந்நாளிற் பலர். வறியவனின் நோய்க்கு வறியவனையே குற்றஞ்சாட்டும் வழக்கம் புதியதன்று.

1811 இல் நெப்போலியனின் போர்க்காலத்தில், வெடியுப்புச் செய்வோரான பேணார் கூர்துவா என்பவர் கடற்பாசிச் சாம்பலிலிருந்து அயடீனைக் கண்டார். 1820 இல் ஜெனீவா வைத்தியர் குவான்டே அதனைக் கழலைக்கு மருந்தாக்கினார். அளவு மிஞ்சியதால் தீங்கு நேர, மருந்தே பழிக்கப்பட்டது. 1850களில் பிரான்சின் அடோல்ப் சதேன், அயடீன் குறைந்த இடங்களிலேயே கழலை மிகுகின்றதென அளந்து கூறினார். அறிஞர் அவை அதனை ஏற்கவில்லை. 1890களின் நடுவில் யேர்மனியரான பௌமான் தைரொயிட் சுரப்பியினுள்ளேயே அயடீன் இருப்பதைக் காட்டிய பின்னரே உண்மை நிலைபெறத் தொடங்கிற்று.

இதற்கிடையில் கத்தியே கதியாயிற்று. பேர்ண் நகரின் சத்திரவைத்தியர் தியோடர் கொக்கர் தம் வாழ்நாளில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தைரொயிட் சத்திரசிகிச்சைகளைச் செய்தார். சுரப்பி முழுவதையும் அகற்றப்பட்ட நோயாளர் சிலர் பின்னர் மந்தித்து, வீங்கி, வளர்ச்சி குன்றிப்போனதைத் தாமே தேடிக் கண்டறிந்து 1883 இல் வெளியிட்டார். தம் கைவினையின் தீய விளைவை மறையாது எழுதிய அந்த நேர்மை, 1909 இல் அவர் பெற்ற நோபல் பரிசினும் பெரிது என்பது என் கருத்து. அம்மெய்ம்மை வெளிவந்ததாலேயே இச்சுரப்பி இன்றியமையாதது என்பதை உலகம் அறிந்தது.

கழலையை ஒழித்தது கத்தியன்று, உப்பு. சுவிற்சர்லாந்தில் ஹுன்சிக்கர், பயார், எக்கன்பேர்கர் ஆகிய வைத்தியர் மூவர், உப்பில் மிகச் சிறிதளவு அயடீனைக் கலந்தால் போதுமென்று வாதாடினர். மூவரும் பெருநகரப் பேராசிரியரல்லர். ஊர்களிற் பணிபுரிந்த வைத்தியர்கள். 1922 இல் அப்பன்செல் ஆவுசர்ரோடன் மாகாணத்தில் அயடீனுப்பு விற்பனைக்கு வந்தது. அந்நாட்டில் உப்பு விற்பனை அரசின் தனியுரிமையாயிருந்தமையால், ஒரு முடிவு எல்லார் அடுப்பங்கரைக்கும் எட்டிற்று. 1924 இல் ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலமும் அவ்வழி சென்றது.

புற்றின் வகைக்கும் இதற்கும் தொடர்புண்டு. அயடீன் குறைந்த நாடுகளில் பொலிக்குலர் வகையும் அனப்பிளாஸ்டிக் வகையும் ஒப்பளவில் மிகும். நெடுங்காலம் பருத்துக் கிடந்த கழலையில் இக்கொடிய வகை தோன்றுவதுண்டு. அயடீனுப்பு வந்த பின் இவை குறைந்து, மெல்ல வளரும் பப்பிலரி வகையின் பங்கு ஓங்குகின்றது. சுவிற்சர்லாந்து, ஒஸ்திரியா, ஆர்ஜென்ரீனாவின் சால்தா ஆகிய இடங்களில் இம்மாற்றம் அவதானிக்கப்பட்டுள்ளது. ஒரு பிடி உப்பைப் பற்றிய அரசியல் முடிவு, நுண்காட்டியின் கீழ்த் தெரியும் கலத்தின் உருவத்தையே மாற்றியிருக்கின்றது.

கதிரும் சிறுவரும்

றோஞ்சன் எக்ஸ் கதிரைக் கண்ட 1895 இன் பின்னர், கண்மூடித்தனமான நம்பிக்கை ஒன்று வைத்திய உலகைப் பற்றிற்று. பச்சிளங் குழந்தைகளின் தைமசுச் சுரப்பி பெரிதாயிருப்பது மூச்சை அடைக்குமென்று கருதி, ஐக்கிய அமெரிக்காவில் அக்குழந்தைகளின் மார்புக்குக் கதிர் பாய்ச்சினர். தைமசு குழந்தைப் பருவத்தில் இயல்பாகவே பெரிதாயிருப்பது. இல்லாத நோய்க்கு இருந்த மருந்து அது. 1950 இல் டவ்வி, பிற்ஸ்ஜெரால்ட் என்னும் வைத்தியரிருவர், தைரொயிட் புற்றுற்ற 28 சிறுவரின் வரலாற்றை ஆராய்ந்தபோது, அவர்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் குழந்தைப் பருவத்தில் அக்கதிரைப் பெற்றிருந்தனர் என்று வெளியிட்டனர்.

அதே காலத்தில் இஸ்ரவேலில், வட ஆபிரிக்காவிலிருந்தும் மத்திய கிழக்கிலிருந்தும் வந்து குடியேறிய வறிய குடும்பங்களின் பிள்ளைகள் பல்லாயிரவருக்குத் தலைப் படர்தாமரையை ஒழிக்கவென்று கதிர் பாய்ச்சப்பட்டது. உயிருக்கு ஊறு செய்யாத ஒரு தோல்நோய்க்காகச் செய்யப்பட்ட இச்சிகிச்சை பின்னாளில் மூளைக் கட்டியையும் தைரொயிட் புற்றையும் பெருக்கியதை 1974 இல் மொடான் குழுவினரின் ஆய்வு காட்டிற்று. இருபது ஆண்டுகள் கழித்து, 1994 இல், அந்நாட்டுச் சட்டமன்றம் நட்டஈட்டுச் சட்டத்தை இயற்றியது.

இவை வைத்தியத்தின் பெயரால் நிகழ்ந்தவை. போரின் பெயரால் நிகழ்ந்தது இன்னும் கொடிது. 1954 மார்ச் முதலாந் திகதி ஐக்கிய அமெரிக்கா பசிபிக் பெருங்கடலின் பிக்கினித் தீவில் 15 மெகாதொன் வலுவுள்ள ஐதரசன் குண்டை வெடித்தது. கிழக்கே இருந்த றொங்கெலாப் தீவிலே வெண்சாம்பல் பொழிந்தது. பனியைக் கண்டறியாத சிறுவர் அதில் விளையாடினர். இரண்டு நாட்கள் கழித்தே அவர்கள் அகற்றப்பட்டனர். தீவு மக்கள் 236 பேர் எதிர்பாராது கதிருக்குட்பட்டனரென்றும் எல்லாரும் நலமாயிருப்பதாகவும் அமெரிக்க அணுசக்தி ஆணைக்குழு அறிவித்தது. 1957 இல் றொங்கெலாப் மக்கள் தம் தீவுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். 1963 இல் முதலாவது தைரொயிட் முடிச்சு ஒரு சிறுமியின் கழுத்திற் காணப்பட்டது. வெடிப்பின்போது பத்து வயதுக்குக் குறைந்தவராயிருந்த தீவுச் சிறுவரிற் பெரும்பாலோருக்கு முடிச்சுகள் தோன்றின. 1985 இல் அம்மக்கள் தம் தீவைத் தாமே விட்டு வெளியேறினர்.

காரணம் யாது? அணுப்பிளவில் உண்டாகும் கதிர்த்தொழிற்பாட்டு அயடீனையும் நல்ல அயடீனையும் சுரப்பி வேறுபடுத்தி அறியாது. இரண்டையும் ஒன்றாகவே பற்றிக்கொள்ளும். சிறுவரின் சுரப்பி சிறிது. அதனால் அதே அளவு அயடீன் அங்கே மிகுந்த கதிரைப் பாய்ச்சும். வளர்கின்ற கலங்களில் அக்காயம் புற்றாக மாறும் வாய்ப்பும் அதிகம்.

கோமெல் மாவட்டத்துப் பாற்குவளை

இப்பாடத்தை றொங்கெலாப் சிறுவர் தம் கழுத்தால் எழுதி வைத்த பின்னரும் உலகம் அதைப் படிக்கவில்லை. 1986 ஏப்ரல் 26 ஆந் திகதி பின்னிரவு 1 மணி 23 நிமிடத்துக்குச் செர்னோபில் அணுவுலையின் நான்காம் அலகு வெடித்தது. காற்று வடமேற்காக வீசியபோது பெலாரஸின் கோமெல் மாவட்டத்துப் புல்வெளிகளில் அயடீன்-131 படிந்தது. பசு அப்புல்லை மேய்ந்தது. பிள்ளைகள் அப்பசுவின் பாலைக் குடித்தனர்.

அயடீன்-131 இன் அரைவாழ்வுக் காலம் எட்டு நாட்கள். எண்பது நாட்களில் அது ஆயிரத்திலொரு பங்காகத் தேய்ந்துவிடும். அப்பாலை உடனே தடுத்து வேறு பால் வழங்கியிருந்தால், அல்லது உடனடியாக நல்ல அயடீனைக் கொடுத்துச் சுரப்பியை நிரப்பியிருந்தால், சிறுவரிற் பெரும்பாலோரைக் காத்திருக்கலாம். வேண்டியிருந்தது ஓர் அறிவித்தலே. அணுவுலைக்கு அண்மையிலிருந்த பிரிப்பியாத் நகரின் ஏறத்தாழ 49,000 மக்கள் மறுநாட் பிற்பகலில் அகற்றப்பட்டனர். ஆனால் சோவியத்து அரசு விபத்தைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது 28 ஆந் திகதி மாலையிலேதான்; அதுவும் சுவீடனிலே கதிர்த்தொழிற்பாடு அளக்கப்பட்ட பின்னரே. மே முதலாந் திகதி கீவ் நகரில் தொழிலாளர் தின ஊர்வலம் வழமைபோல் நடந்தது. கோமெல் மாவட்டத்துச் சிற்றூர்களிலே பிள்ளைகள் வழமைபோற் பால் குடித்தனர்.

மாறாக, அயல்நாடான போலந்து ஏப்ரல் 29 ஆந் திகதி தொடங்கிச் சில நாட்களுள் ஏறத்தாழ ஒரு கோடி சிறுவருக்குப் பொற்றாசியம் அயடைட்டுக் கரைசலை ஊட்டியது. போலந்தும் அக்காலத்தில் சோவியத்து அணியைச் சேர்ந்த நாடே என்பதை நாம் மறத்தலாகாது. ஆகவே, நிகழ்ந்த தீமையைச் சமதர்மத்தின் தலையிற் சுமத்துவோரும், சமதர்மத்தின் பெயரால் அதனை மூடிமறைப்போரும் ஒருங்கே தவறுகின்றனர். மக்களை நம்பி உண்மையைச் சொல்லும் ஆட்சியா, மக்களுக்கு அஞ்சி உண்மையை ஒளிக்கும் ஆட்சியா என்பதே கேள்வி. இடதுசாரி எண்ணங் கொண்ட நமக்குக் கோமெல் கசப்பான பாடம். கசப்பென்பதற்காக அதனைப் படியாது விடுவது நேர்மையன்று.

அம்மாவட்டங்களின் மண்ணும் அயடீன் வறிய மண் என்பது அவலத்தை மிகுவித்தது. பசித்திருந்த சுரப்பி நஞ்சு அயடீனை இன்னும் ஆவலோடு பற்றிற்று. அல்ப்ஸ் குடியானவனின் பழைய வறுமையும் அணுயுகத்தின் புதிய கேடும் ஒரே குழந்தையின் கழுத்திற் சந்தித்துக்கொண்டன.

மின்ஸ்க் நகரின் சத்திரவைத்தியர் எவ்கேனி டெமிட்சிக்கும் அவருடைய கூட்டாளிகளும் எண்ணத் தொடங்கினர். பெலாரஸில் 1986 முதல் 1989 வரை ஆண்டுக்குச் சராசரி நான்கு சிறுவருக்கே தைரொயிட் புற்றுக் காணப்பட்டது. 1991 இல் அத்தொகை 55 ஆயிற்று. மிகப் பெரும்பாலானவை பப்பிலரி வகை; சுரப்பியைத் தாண்டிக் கணுக்களுக்குப் பரவியவை பல. 1992 செப்டம்பரில் இங்கிலாந்தின் 'நேச்சர்' இதழில் இவ்வெண்கள் வெளிவந்தன.

உலகம் உடனே நம்பியதா? இல்லை. சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் ஆதரவில் நடந்து 1991 இல் வெளிவந்த ஆய்வு, கதிரால் நேரடியாக விளைந்த நோய் எதனையும் காணவில்லையென்று கூறியிருந்தது. கதிரின்பின் புற்றுத் தோன்றப் பத்தாண்டாவது செல்லும் என்பது மேலைநாட்டு நிபுணர் பலரின் துணிபு. ஐந்தாண்டில் எப்படித் தோன்றும் என்றனர். தேடியதாற் கண்டீர்கள் என்றும் கூறினர். ஐரோப்பிய வைத்தியர் குழுவொன்று 1992 இல் மின்ஸ்க் சென்று, நோயுற்ற சிறுவரையும் நுண்காட்டித் தகடுகளையும் நேரிற் பார்த்து உறுதிசெய்த பின்னரே மறுப்புக் குரல் மெல்லத் தணிந்தது. அணுத்தொழிலின் நலனும் வல்லரசுகளின் வாய்ப்பூட்டும் ஒருபுறமிருக்க, கருவிகள் குறைந்த ஒரு நாட்டின் வைத்தியர் எண்ணியதை எண்ணாகவே ஏற்க மறுக்கும் மனப்பான்மையும் இங்கே தொழிற்பட்டது.

கணக்கு நாளடைவில் நிறைவுற்றது. விபத்தின்போது 18 வயதுக்குக் குறைந்தவராயிருந்தோருள், பெலாரஸ், உக்ரேன், ருசியாவின் மிக மாசுற்ற நான்கு மாவட்டங்கள் ஆகியவற்றில் 1991 முதல் 2005 வரை 6,848 பேருக்குத் தைரொயிட் புற்றுக் காணப்பட்டதாக ஐக்கிய நாடுகளின் அறிவியற் குழு கூறியது. அக்காலத்துள் 15 பேர் இறந்தனர். 2015 வரை நீட்டியபோது தொகை 19,233 ஆயிற்று. இவையனைத்தும் கதிரால் விளைந்தவையல்ல. வயதேறுவதாலும் ஆய்வு நுணுக்கத்தாலும் கண்டவையும் இதில் அடங்கும். ஏறக்குறைய நாலிலொரு பங்கே கதிருக்குரியது என அக்குழு 2018 இல் மதிப்பிட்டது. மறைத்தவனுக்கு மறுமொழியாக மிகைப்படுத்துவதும் அறிவியலுக்கு ஒவ்வாது.

சியோல் நகரின் ஸ்கான் அறைகள்

எண்ணாது விடுவது ஒரு தீமை. எண்ணவேண்டாததை எண்ணிக் காசாக்குவது அதன் மறுபக்கம். இதற்குத் தென் கொரியா சான்று.

1999 இல் அந்நாட்டரசு புற்றுநோய்களை முன்கூட்டிக் கண்டறியும் தேசியத் திட்டமொன்றைத் தொடங்கிற்று. தைரொயிட் அதில் இடம்பெறவில்லை. எனினும், பரிசோதனைக்கு வந்தோரிடம் சிறு கட்டணத்துக்குக் கழுத்தையும் ஸ்கான் செய்து தருகின்றோம் என வைத்தியசாலைகள் கூறலாயின. ஸ்கான் பெருகியது, நோய் பெருகியது. 2011 இல் தைரொயிட் புற்றுக் கண்டோர் வீதம் 1993 இல் இருந்ததன் பதினைந்து மடங்கு. அவ்வாண்டில் மட்டும் 40,000 பேருக்கு மேல் நோயாளராயினர். அந்நாட்டில் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் என்ற இடத்தைத் தைரொயிட் பெற்றது. இறந்தோர் தொகையோ ஆண்டுக்கு நானூறுக்கும் குறைவாக, அசையாது அப்படியே நின்றது.

கொள்ளைநோய் பரவியிருந்தால் சாவும் பரவியிருக்கும். முன்கூட்டிக் கண்டது உயிர்காத்திருந்தால் சாவு குறைந்திருக்கும். இரண்டும் நிகழவில்லை. பெருகியவையனைத்தும் மிகச் சிறிய பப்பிலரிப் புள்ளிகளே. இவை மனிதரிடம் எவ்வளவு பரவலானவை என்பதை 1985 இலேயே பின்லாந்து ஆய்வாளர் காட்டியிருந்தனர். வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் சுரப்பிகளை மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பார்த்தபோது 36 பேரிடம் பப்பிலரிப் புற்று இருந்தது. அவர்களெல்லாரும் அதனோடு வாழ்ந்து, அதனை அறியாமலே இறந்தவர்கள்.

கொரியாவில் நோயாளராக்கப்பட்டோரில் ஏறக்குறைய எல்லாரும் கத்திக்குட்பட்டனர். மூன்றிலிரு பங்கினர் சுரப்பி முழுவதையும் இழந்தனர். ஆயுள் முழுதும் மாத்திரை அவர்களுக்குத் துணையாயிற்று. நூற்றுக்குப் பதினொருவருக்கு அயலிலுள்ள நுண்சுரப்பிகள் பழுதுற்றுக் கல்சியம் குன்றிற்று. நூற்றுக்கு இருவருக்குக் குரல்நாண் செயலிழந்தது. நலமாயிருந்த ஆசிரியை ஒருத்தி குரலை இழப்பதென்றால் என்னவென்பதை, வகுப்பறையிற் குரலாற் பிழைக்கும் நாம் எளிதில் உணரலாம்.

2014 மார்ச்சில் அந்நாட்டு வைத்தியர் எண்மர் ஒன்றுகூடி, அறிகுறியற்றோரிடம் தைரொயிட் ஸ்கான் செய்வதை நிறுத்துமாறு பகிரங்கமாக வேண்டினர். தம் தொழிலின் வருவாய்க்கெதிராகத் தாமே பேசிய அவர்களைக் கொக்கரின் வழித்தோன்றல்கள் எனலாம். பத்திரிகைகள் அச்செய்தியைப் பரப்பின. ஓராண்டுக்குள் சத்திரசிகிச்சைகள் மூன்றிலொரு பங்குக்கு மேற் குறைந்தன. உண்மையைக் கேட்டறிந்த மக்கள் தாமே முடிவு செய்தனர். யப்பானின் கோபே நகரில் கூமா வைத்தியசாலையின் மியாவுச்சி குழுவினர், சிறு பப்பிலரிப் புள்ளிகளை வெட்டாது கண்காணித்து வரும் முறையை 1993 முதல் கைக்கொண்டனர். பத்தாண்டில் நூற்றுக்கு எண்மர் அளவிலேயே அவை சற்றுப் பெருத்தன. 2016 இல் அறிவியலாளர் இன்னுமொரு படி சென்றனர். பப்பிலரி வகையின் ஓர் உட்பிரிவு பரவுவதில்லையெனக் கண்டு, அதன் பெயரிலிருந்து 'புற்று' என்ற சொல்லையே நீக்கினர். ஒரு சொல்லை நீக்கியதால் ஆயிரக்கணக்கானோர் அச்சத்திலிருந்து விடுபட்டனர்.

கோமெலில் கூறப்பட்ட 'தேடியதாற் கண்டீர்கள்' என்ற அதே வாதம் இங்கே உண்மையாயிருப்பது கவனிக்கத்தக்கது. 2011 இல் புக்குசிமா அணுவுலை விபத்தின் பின் ஏறத்தாழ 300,000 சிறுவரை ஸ்கான் செய்தபோது நூற்றுக்கு மேற்பட்டோரிடம் புற்றுக் காணப்பட்டது. இது பெரும்பாலும் நுண்ணிய தேடலின் விளைவென ஐக்கிய நாடுகளின் குழு கருதிற்று. கோமெலிற் பொய்யாயிருந்தது சியோலில் மெய்யாகலாம். ஆகவே வாய்பாடுகளை நம்பாது, ஒவ்வோரிடத்தும் கதிரின் அளவு, கட்டியின் இயல்பு, தேடிய கருவி, இறப்பு வீதம் ஆகிய நான்கையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும்.

நம் நாட்டுக் கணக்கு

இலங்கையின் தென்மேற்கு ஈரவலயம் பெருமழையால் அயடீன் அரிக்கப்பட்ட மண். 1986 இல் பதினேழு மாவட்டங்களிற் பாடசாலைப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது நூற்றுக்கு 18.8 பேருக்குக் கண்டக்கழலை இருந்தது. களுத்துறையில் அது நூற்றுக்கு முப்பதைத் தாண்டிற்று. 1995 இல் உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமாயிற்று. புத்தளத்திலும் அம்பாந்தோட்டையிலும் உலர்வலயத்து வெயிலில் நின்று உப்பு வாரும் தொழிலாளியின் உழைப்பு, ஈரவலயத்துக் குழந்தையின் அறிவுக்கும் கழுத்துக்கும் காப்பாக அமைந்தது. பிரதேசங்களும் இனங்களும் ஒன்றிலொன்று தங்கியே வாழ்கின்றன என்பதற்கு இதனினும் எளிய பாடம் வகுப்பறைக்குக் கிடையாது.

இன்று நம் நாட்டிலும் பெண்களிடையே அதிகமாகப் பதிவாகும் புற்றுநோய்களுள் தைரொயிட் முன்வரிசையில் நிற்கின்றது. 2001 க்கும் 2010 க்குமிடையில் அதன் வீதம் ஏறக்குறைய இரட்டித்தது. ஏறியதிற் பெரும்பங்கு பப்பிலரி வகை. உலக அநுபவத்தை நோக்குமிடத்து, இவ்வேற்றத்தில் ஆய்வு வசதியின் பெருக்கத்துக்கும் அயடீனுப்பின் வருகைக்கும் பங்குண்டெனக் கருத இடமுண்டு. கொழும்பில் தனியார் ஆய்வுநிலையங்கள் 'முழு உடற் பரிசோதனை' எனக் கூவி விற்கும் இக்காலத்தில், சியோலின் வரலாறு நமக்கு எச்சரிக்கை.

இதனைத் தவறாக விளங்கிக்கொள்ளலாகாது. கழுத்தில் விரைந்து பெருகும் கட்டி, கல்போல் உறைந்த முடிச்சு, காரணமின்றிக் கம்மும் குரல், விழுங்கவும் மூச்சுவிடவும் தோன்றும் இடர், கழுத்துக் கணுக்களின் வீக்கம் ஆகியவற்றுள் எதனைக் கண்டாலும் தாமதியாது வைத்தியரை நாடல் வேண்டும். குடும்பத்தில் மெடுலரி வகை இருந்தோரும், சிறுவயதிற் கழுத்துக்குக் கதிர்பெற்றோரும் அவ்வாறே. தோட்டத்து லயத்திலும் வன்னிக் குடியேற்றத்திலும் வாழும் பெண், அறிகுறி தோன்றிய பின்னரும் மாதக்கணக்கில் வைத்தியசாலைக்குச் செல்ல வழியின்றியிருப்பாள். நகரத்துச் செல்வப் பெண்ணோ, அறிகுறி எதுவுமின்றியே கத்திக்குட்படுவாள். ஒருத்திக்குக் குறையும் மற்றவளுக்கு மிகையும் நேர்வது ஒரே காரணத்தாலேயே. வைத்தியம் தேவையை நோக்கிச் செல்லாது பணத்தை நோக்கிச் செல்கின்றது.

ஆசிரியரும் மாணவருமாகிய நாம் சத்திரவைத்தியரல்லேம். எனினும், எண்களைப் படிக்கக் கற்றுக்கொடுப்பது நம் தொழில். ஓர் எண் முன்வைக்கப்படும்போது, இதனை எண்ணியவர் யார், எந்தக் கருவியால் எண்ணினார், யாரை எண்ணாது விட்டார், இவ்வெண்ணால் யார் பயனடைகின்றார் என்னும் நான்கு கேள்விகளையும் கேட்கப் பழகிய மாணவன், கோமெலின் மௌனத்துக்கும் ஏமாறான், சியோலின் ஆரவாரத்துக்கும் ஏமாறான். றொங்கெலாப் தீவிலும் பெலாரஸின் சிற்றூர்களிலும் சிறுவர் செலுத்திய விலைக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு, அவர்களது கணக்கை நம் வகுப்பறைகளிற் சரியாகப் படிப்பித்தலேயாகும்.